அமெரிக்க ஆர்டரும் அதன் பின்னால் நிற்கும் சட்டங்களும்: பனியன் கம்பெனியில் வேலை பார்ப்பவருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குத் தைக்கும் எந்தத் திருப்பூர்க் கம்பெனிக்குப் போனாலும் பையர் (துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) அனுப்பிய தடிமனான மேனுவல் ஒன்று அலமாரியில் இருக்கும். புதிதாகச் சேரும் மெர்ச்சண்டைசர் (ஆர்டரைப் பையரோடு பேசி நடத்துபவர்) கையில் அதைக் கொடுத்து, "படிச்சுக்கோ கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் எது அமெரிக்க நாட்டுச் சட்டம், எது பையரின் சொந்தக் கட்டளை, எது தனியார் சான்றிதழ் என்று பிரித்துச் சொல்ல ஆள் இருக்காது. பிரிக்கத் தெரியாதவர் எல்லா வரிக்கும் ஒரே மாதிரி பயப்படுவார். இல்லையென்றால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தள்ளிவிடுவார்.

அவிநாசி ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் பல வருஷமாகக் கம்ப்ளையன்ஸ், அதாவது சட்டமும் பையர் விதியும் சரியாக நடக்கிறதா என்று, பார்க்கிறேன். தாராபுரத்திலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "ஏனுங்க்கா, பையர் கேட்டதைச் செஞ்சு குடுத்துட்டுப் போறமுங்க. சட்டம் நமக்கு எதுக்குங்க?" நியாயமான கேள்விதான். பையரின் கட்டளை என்றால் ஒரு மெயில் போட்டுச் சலுகை கேட்கலாம். சட்டம் என்றால் பையரே மனசு வைத்தாலும் விட்டுத்தர முடியாது. இந்த வித்தியாசம் தெரிந்தால் எதற்குச் சண்டை போடுவது, எதற்கு உடனே லைனை நிறுத்துவது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் மேனுவலைப் பிரியுங்கள்

மூன்று நிற ஹைலைட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஷேடு பேண்ட் (நிறம் எவ்வளவு மாறலாம்), அளவு டாலரன்ஸ் (அளவு எவ்வளவு மாறலாம்), ஏ.க்யூ.எல். (எத்தனை குறைப் பீஸ் வரை ஏற்பது), பேக்கிங் முறை எல்லாம் பையரின் சொந்த விஷயம். அவற்றுக்கு ஒரு நிறம். காட்ஸ், ஓகோ-டெக்ஸ், ராப் (WRAP), செடெக்ஸ் போன்றவை தனியார் அமைப்புகளின் திட்டங்கள். அவற்றுக்கு இன்னொரு நிறம். '16 சி.எஃப்.ஆர்', '19 சி.எஃப்.ஆர்' என்று எண் போட்டு வருவதெல்லாம் கூட்டரசுச் சட்டத்தின் கீழ் வந்த விதி. அதற்குச் சிவப்பு.

இடையில் 'ப்ராப் 65' என்று ஒன்று வரும். அது நச்சு ரசாயனம் இருந்தால் எச்சரிக்கச் சொல்லும், 1986-ல் வந்த கலிஃபோர்னியா மாநிலச் சட்டம், அமெரிக்கா முழுவதற்கும் உரியது அல்ல. ஆனால் கலிஃபோர்னியாவில் விற்காத பெரிய பையர் யாரும் இல்லை என்பதால் அதையும் சிவப்பிலேயே வைத்துவிடுங்கள்.

சி.எஃப்.ஆர் என்பது கூட்டரசு விதிகளின் தொகுப்பு. அமெரிக்கக் காங்கிரஸ் சட்டத்தை நிறைவேற்றுகிறது. அதிபர் கையெழுத்துப் போட்டதும் அதற்கு ஒரு எண் விழுகிறது. 110-314 என்றால் 110-ஆவது காங்கிரஸ் இயற்றிய 314-ஆவது சட்டம். எத்தனை வினாடி, எத்தனை அங்குலம், எத்தனை பி.பி.எம். (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்ற நுணுக்கத்தை அந்தந்தத் துறை பிறகு விதியாக எழுதுகிறது. 16-ஆம் தலைப்பில் ஆயிரத்துக்குக் கீழே உள்ள எண்கள் கூட்டரசு வர்த்தக ஆணையத்தின் விதிகள், ஆயிரமும் அதற்கு மேலும் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள். 19 என்றால் கஸ்டம்ஸ். முழுத் தொகுப்பும் 'இ-சி.எஃப்.ஆர்' என்ற அரசுத் தளத்தில் இலவசம். எண்ணைப் போட்டால் விதி வந்து நிற்கும்.

விதியைத் திறந்ததும் மேலிருந்து கீழே படிக்காதீர்கள். முதலில் வரையறை, அடுத்து விலக்கு, அப்புறம்தான் மற்றது. நம் ஸ்டைல் இந்த விதிக்குள் வருகிறதா என்பது அந்த இரண்டிலேயே தெரிந்துவிடும்.

தீப்பிடிக்கும் துணி

இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் திருப்பூர்த் துணி அதிகமாக மாட்டுவது இதில்தான்.

1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் பிரஷ் செய்து மேலே பஞ்சு எழுப்பிய ரேயான் ஸ்வெட்டர்கள் விற்றன. பொறி பட்டால் ஒரு நொடியில் மேலெல்லாம் பரவும். பிள்ளைகள் போட்டு விளையாடிய கௌபாய் உடுப்புகளும் இப்படியே பற்றிக்கொண்டன. பிள்ளைகள் வெந்து செத்தார்கள். அதன் பிறகு வந்ததுதான் 1953-ஆம் ஆண்டின் எரியும் துணிகள் சட்டம். 1967-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். நொய்யலும் நிலத்தடி நீரும் கெட்ட பிறகுதான் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நம்மூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எந்த ஊரிலும் பாதிப்பு முன்னால் வருகிறது, சட்டம் பின்னால் வருகிறது. ஒரு விதியின் எண்ணைப் பார்க்கும்போது அது யாருக்கு என்ன நடந்த பிறகு வந்தது என்று தேடிப் பாருங்கள். விதி மனசில் நிற்கும்.

இந்தச் சட்டத்தின் கீழ் பொதுவான உடைகளுக்கு உள்ள விதி 16 சி.எஃப்.ஆர் 1610. லேபில் செய்வது இதுதான். துணியில் இரண்டுக்கு ஆறு அங்குலத் துண்டுகள் வெட்டுகிறார்கள். பிரஷ் செய்த முகம் இருந்தால் பஞ்சை எதிர்ப்பக்கமாகச் சீவி நிமிர்த்துகிறார்கள். 105 டிகிரி அடுப்பில் அரை மணி நேரம் காயவைத்து, ஈரம் ஏறாமல் ஆறவிடுகிறார்கள். 45 டிகிரி சாய்வில் மாட்டி ஒரே ஒரு வினாடி தீ காட்டுகிறார்கள். ஐந்து அங்குலம் தாண்ட எத்தனை வினாடி ஆனது என்பதுதான் கணக்கு. சாதாரண முகமுள்ள துணி 3.5 வினாடிக்குள் எரிந்துவிட்டால் மூன்றாம் வகுப்பு. மூன்றாம் வகுப்புத் துணியை உடையாக விற்கக் கூடாது. பிரஷ் செய்த துணியில், அடித்துணியும் சேர்ந்து பற்றி நான்கு வினாடிக்குள் எரிந்தால் அதுவும் மூன்றாம் வகுப்பு. மேலே உள்ள பஞ்சு மட்டும் சரசரவென்று ஓடி அணைந்து, அடித்துணி தப்பித்தால் தேர்ச்சி.

விலக்கையும் படியுங்கள். சாதாரண முகமும், சதுர கெஜத்துக்கு 2.6 அவுன்ஸும் அதற்கு மேலும் எடையும் இருந்தால் டெஸ்டே தேவையில்லை. நம் கணக்கில் அது சுமார் 88 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). நாம் ஓட்டும் சிங்கிள் ஜெர்சி 140, 160, 180 என்று போவதால் டி-சர்ட்டுக்குக் கவலை இல்லை. முழுக்க பாலியெஸ்டர், நைலான், அக்ரிலிக், கம்பளி போன்ற இழைகளாக, அல்லது அவற்றுக்குள்ளேயே கலவையாக இருந்தாலும் விலக்கு உண்டு. பருத்தி ஃப்ளீஸுக்கு இது எதுவும் கிடையாது. 300 ஜி.எஸ்.எம். இருந்தாலும் ரைசிங் போட்ட (மெஷினில் பஞ்சு எழுப்பிய) பருத்தி என்றால் டெஸ்டுக்குப் போக வேண்டும்.

ஆக, நூறு சதவீதப் பருத்தி ஃப்ளீஸ் ஆர்டர் வந்தால், மொத்த லாட்டையும் ரைசிங்குக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரு ரோலை மட்டும் ஓட்டி லேபுக்கு அனுப்புங்கள். பெயில் ஆனால் ரைசிங் பாஸைக் குறைக்கலாம், பஞ்சு நீளத்தை ஷியரிங்கில் வெட்டலாம், பாலியெஸ்டர் கலக்கலாம். மொத்தத் துணியும் ரைசிங் முடிந்து வந்த பிறகு தெரிந்தால் செய்வதற்கு அதிகம் இல்லை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதை டெஸ்ட் என்று நம்பாதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய துணி மெதுவாகத்தான் எரியும். லேபில் அதையே அடுப்பில் காயவைத்து எரிப்பார்கள்.

குழந்தைத் துணி என்றால்

பன்னிரண்டு வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கானது எல்லாம் குழந்தைப் பொருள். 2007-ல் ஈயப் பெயிண்ட் அடித்த பொம்மைகள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கொதிப்பில் 2008 ஆகஸ்ட் 14-ல் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் வந்தது. மேலே சொன்ன 110-314 அதுதான். இதன்படி ஈயம் பொருளில் 100 பி.பி.எம்., மேல்பூச்சில் 90 பி.பி.எம். இதற்கு மேல் போகக் கூடாது. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்ட லேபின் டெஸ்ட், அதன் அடிப்படையில் ஒரு குழந்தைப் பொருள் சான்றிதழ், துணியிலேயே நிற்கும் டிராக்கிங் லேபிள் என்று மூன்றும் வேண்டும்.

சாயமிட்ட துணிக்கு ஈய டெஸ்டிலிருந்து விலக்கு இருக்கிறது. பிரிண்ட், ஸ்நாப் பட்டன், ஜிப், ரிவிட் ஆகியவற்றுக்கு இல்லை. எனவே ஈயம் என்றால் உங்கள் கண் ட்ரிம்ஸ் ஸ்டோர் பக்கம் போக வேண்டும். ஸ்நாப் மாற்றினால், வேறு சப்ளையரிடம் வாங்கினால், பழைய ரிப்போர்ட் செல்லாது. இதை ஸ்டோர்காரரிடமும் சொல்லி வைக்க வேண்டும். மாற்றுவது அவர்தான்.

அடுத்து தாலேட், அதாவது பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம். மூன்று வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தையைத் தூங்க வைக்கவும் ஊட்டவும் உதவும் பொருள் இந்த விதிக்குள் வரும். இரண்டு வயதுப் பைஜாமாவும் பிப்பும் அதில் சேரும். எட்டு வகைத் தாலேட்டில் ஒவ்வொன்றும் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் பிரிண்டிங் யூனிட்டுகளில் ஓடும் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் மைதான் இங்கே முதல் சந்தேகம். 'தாலேட் இல்லாதது' என்று டப்பாவில் எழுதியிருந்தால் மட்டும் போதாது. முந்தின வேலையின் மை ஒட்டிய ஸ்க்ரீனிலும் ஸ்குவீஜியிலும் அடித்தாலே ரிப்போர்ட் கெட்டுவிடும். குழந்தைப் பைஜாமாவுக்குத் தனி ஸ்க்ரீன், தனி ஸ்குவீஜி, தனி டப்பா கேளுங்கள்.

தூங்கும் உடைக்குத் தீ விதியும் வேறு. 0 முதல் 6எக்ஸ் வரை 1615, 7 முதல் 14 வரை 1616. ஐம்பது முறை துவைத்த பிறகும் தீயைத் தாங்க வேண்டும். சும்மா பருத்தி தாங்காது. அதனால்தான் எல்லாரும் 'டைட் ஃபிட்' விலக்கில் போகிறார்கள். மார்பு, இடுப்பு, சீட், தொடை, மேல்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று ஒவ்வொரு சைஸுக்கும் விதியிலேயே உச்ச அளவு எழுதியிருக்கிறது. உடம்போடு ஒட்டி நிற்கும் துணி தீக்கு எட்டாது, உள்ளே காற்றும் போகாது என்பது காரணம். 'மெஷர்மென்ட்டில் ப்ளஸ் அரை அங்குலம்' என்ற வழக்கமான டாலரன்ஸ் இங்கே செல்லாது. மேலே ஒரு நூல்கூடப் போகக் கூடாது, கீழே எவ்வளவு விடுவது என்பதைப் பையரிடம் பேசிக்கொள்ளலாம். கட்டிங் மாஸ்டருக்கும் செக்கிங் டேபிளுக்கும் இதைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். மஞ்சள் ஹேங்டேகும், தீயைத் தாங்காது, ஒட்டிப் போடுங்கள் என்று சொல்லும் கழுத்து லேபிளும் இந்த விலக்கின் நிபந்தனைகள். டேக் விட்டுப்போனாலும் விலக்கு போச்சு. டெக் பேக்கில் (பையர் தரும் ஸ்டைல் விவரத் தாளில்) 'லவுஞ்ச் செட்' என்று எழுதியிருந்தாலும், குழந்தை அதில் தூங்கும் என்று தோன்றினால் ஆணையம் அதைத் தூங்கும் உடையாகத்தான் எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால் சாம்பிள் நிலையிலேயே பையரிடம் எழுத்தில் கேளுங்கள்.

டிராகார்டு (இழுத்துக் கட்டும் கயிறு): சறுக்குமரத்திலும் பஸ் கதவிலும் கயிறு மாட்டிப் பிள்ளைகள் இறந்ததால் வந்த விதி, 16 சி.எஃப்.ஆர் 1120. 2டி (இரண்டு வயதுக் குழந்தை சைஸ்) முதல் 12 சைஸ் வரை மேலுடுப்பில் ஹூடிலும் கழுத்திலும் கயிறே கூடாது. இடுப்பிலும் அடியிலும் 2டி முதல் 16 வரை, துணியை முழுதாக விரித்த நிலையில் வெளியே மூன்று அங்குலத்துக்கு மேல் தொங்கக் கூடாது, முனையில் முடிச்சோ டாகிளோ இருக்கக் கூடாது, ஒரே கயிறாக ஓடினால் நடுவில் பார்டேக் (கயிறு நகராமல் பிடிக்கும் தையல்) போட வேண்டும்.

லேபிள்

இது சுருக்கம். 1958-ஆம் ஆண்டின் ஜவுளி இழை அடையாளச் சட்டம் மூன்றைக் கேட்கிறது: இழையின் பெயரும் சதவீதமும், எந்த நாட்டில் செய்தது, யார் பொறுப்பு. இழைகளை அதிகத்திலிருந்து குறைவாக வரிசையாக எழுத வேண்டும். 3 சதவீதம் வரை வித்தியாசத்துக்கு இடம் உண்டு. 60-40 என்று எழுதி 62-38 வந்தால் சரி, 65-35 வந்தால் சரியில்லை. வேண்டுமென்றே வேறு இழை சேர்த்துவிட்டு '100 சதவீதம் பருத்தி' என்று எழுத இந்தச் சலுகை உதவாது. நாட்டின் பெயர் கழுத்துக்கு உள்ளே, இரண்டு தோள் தையலுக்கும் நடுவில் வர வேண்டும். மூங்கிலில் இருந்து எடுத்த ரேயானை வெறும் 'மூங்கில்' என்று எழுதக் கூடாது. அப்படி விற்றதற்காக 2022-ல் அமெரிக்காவின் இரண்டு பெரிய கடைக் கம்பெனிகள் மொத்தம் 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. பையர் பிடிவாதமாகக் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள். வாஷ்கேர் லேபிளுக்கு 16 சி.எஃப்.ஆர் 423 தனியாக இருக்கிறது.

வரி

1930-ஆம் ஆண்டின் சுங்கவரிச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நாட்டின் பெயர் லேபிளில் இல்லாவிட்டால் 10 சதவீதக் கூடுதல் தீர்வை போட வைப்பதும் அதன் 304-ஆம் பிரிவுதான்.

மெர்ச்சண்டைசர் கவனிக்க வேண்டியது இழையால் மாறும் வரி. பருத்தி டி-சர்ட்டுக்கு அடிப்படை வரி 16.5 சதவீதம், செயற்கை இழை டி-சர்ட்டுக்கு 32 சதவீதம். ஸ்வெட்ஷர்ட்டிலும் இதே எண்கள்தான். எடையில் எது அதிகமோ அதுவே அந்தத் துணி. மேலே ஃப்ளீஸ் தீயில் பெயில் ஆனால் பாலியெஸ்டர் கலக்கலாம் என்றேன் அல்லவா, அங்கே இதை மனசில் வையுங்கள். 80-20, 60-40 வரை பருத்தி வரிதான். 50-50 ஆகிவிட்டால், எதுவும் அதிகமில்லாதபோது வரிசையில் பின்னால் வரும் இழையை எடுக்க வேண்டும் என்ற விதிப்படி அது செயற்கை இழை. வரி கிட்டத்தட்ட இரட்டிப்பு. காஸ்டிங்கும் டெஸ்டிங்கும் தனித்தனி டேபிளில் நடக்கும் கம்பெனியில் இதை யாராவது ஒருவர் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருளுக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனபோது ஊரே திணறியது. அந்த வரி 1930 சட்டத்திலிருந்து வரவில்லை. 1977-ல் வந்த நெருக்கடிக்கால அதிகாரச் சட்டத்தைக் காட்டி அதிபர் போட்ட ஆணை. காங்கிரஸ் அட்டவணையில் உள்ள வரி வருஷக்கணக்காக நிற்கும், ஆணையில் வருவது ஒரு வாரத்தில் மாறும். எனவே காஸ்டிங் ஷீட்டில் இரண்டையும் இரண்டு வரியாக எழுதி, எந்தத் தேதியில் பார்த்தது என்றும் பக்கத்தில் குறியுங்கள்.

ஆளும் பஞ்சும்

அதே 1930 சட்டத்தின் 307-ஆம் பிரிவு, கட்டாய உழைப்பில் செய்த எதையும் அமெரிக்காவுக்குள் விடக் கூடாது என்கிறது. அமெரிக்காவில் தேவைக்கு உற்பத்தி ஆகாத பொருளுக்கு விலக்கு என்று ஒரு ஓட்டை பல காலம் இருந்தது. 2016-ல் அதை அடைத்தார்கள். 2022 ஜூலையில் திண்டுக்கல் பக்கம் ஒரு ஆடை ஆலையின் சரக்கைக் கஸ்டம்ஸ் இந்தப் பிரிவின் கீழ் நிறுத்தி வைத்தது. செப்டம்பரில்தான் விலக்கிக்கொண்டது. நமக்கு இரண்டு மணி நேரப் பயண தூரத்தில் நடந்தது இது.

இதை நான் காகித வேலையாகப் பார்ப்பதில்லை. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மில் விடுதிகளில் அடைத்து வைத்த கதை இந்தப் பகுதிக்கே உரியது. இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் ஃபைல் தயார் செய்யாமல், ஒரு சாயங்காலம் விடுதிக்கே போய்க் கேளுங்கள். அசல் ஆதார் யார் கையில் இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கு வெளியே போக யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஏஜெண்டிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு பாக்கி? சம்பளம் யாருடைய கணக்கில் விழுகிறது? அவர்கள் மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், சூப்பர்வைசரைக் கூட்டிப் போகாதீர்கள். பதில் தப்பாக இருந்தால் அன்றைக்கே மேலே சொல்லுங்கள்.

பஞ்சு விஷயம் வேறு சட்டம். 2021 டிசம்பர் 23-ல் கையெழுத்தாகி 2022 ஜூன் 21-ல் அமலுக்கு வந்த உய்குர் கட்டாய உழைப்புத் தடுப்புச் சட்டம். உய்குர் மக்கள் வாழும் சீனாவின் ஷின்ஜியாங்கில் துளி செய்திருந்தாலும் அது கட்டாய உழைப்பில் வந்தது என்றே வைத்துக்கொள்வார்கள். இல்லை என்று நிரூபிப்பது இறக்குமதி செய்பவர் பொறுப்பு. குறைந்த அளவுக்கு விலக்கும் இல்லை. துறைமுகத்தில் நிறுத்தினால் பையர் நம்மிடம்தான் ஓடி வருவார், அவருக்குச் சாதாரணமாகக் கிடைப்பது 30 நாள்.

அந்த நேரத்தில் ஆவணம் தேட ஆரம்பித்தால் கிடைக்காது. பி.ஓ. (பையரின் ஆர்டர்) வாரியாக ஒரு ஃபைல் வையுங்கள்: பஞ்சு பேல் எந்த ஜின்னிங்கிலிருந்து, இறக்குமதிப் பஞ்சு என்றால் எந்த நாட்டிலிருந்து, ஸ்பின்னிங் மில்லின் இன்வாய்ஸ், நூல் லாட் எண், நிட்டிங் ஜாப் ஒர்க் டி.சி. (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), டையிங் டி.சி., காம்பாக்டிங், இ-வே பில், கட்டிங் ரிப்போர்ட். எடை ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். நூல் 1,000 கிலோ போய்த் துணி 1,100 கிலோ வந்ததாகக் காகிதம் சொன்னால் அந்த ஃபைல் எதற்கும் உதவாது. பெரும்பாலும் அறுந்துபோவது நிட்டிங் யூனிட்டில். அங்கே இரண்டு பார்ட்டியின் நூல் ஒரே மூலையில் கிடக்கும், டி.சி.யில் 'காட்டன் நூல்' என்று மட்டும் இருக்கும். லாட் எண் எழுதாத டி.சி.யை வாங்காதீர்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பினால் மூன்றாவது முறை எழுதி வரும்.

வாராவாரம் பார்க்க வேண்டியது

நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் தளத்தில் திரும்பப் பெறும் பொருள்களின் அறிவிப்புகள் வரும். மெயில் ஐடி கொடுத்தால் மெயிலுக்கே வரும். ஒவ்வொரு அறிவிப்பிலும் படம், எத்தனை பீஸ், என்ன அபாயம், எந்த நாட்டில் செய்தது என்று இருக்கும். குழந்தைப் பைஜாமா, நைட்கவுன், ஹூடி என்று வருவதை மட்டும் எடுத்து, எந்த விதி மீறப்பட்டது என்ற வரியைக் கண்டுபிடித்து, அந்த எண்ணை இ-சி.எஃப்.ஆரில் போட்டுப் படியுங்கள். பிறகு அதே மாதிரி ஸ்டைல் நம் லைனில் ஓடுகிறதா என்று பிளானிங் போர்டைப் பாருங்கள். ஓடினால் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, படத்தோடு, கட்டிங் மாஸ்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.